மூலைமட்டமும் ரெண்டு குண்டூசியும்

கூட்டுறவுச் சங்கத்தில் மாதக்கடைசிக் கணக்கை முடித்துக்கொண்டிருந்தபோது அக்கா போன் செய்தாள். "இவன் ரெண்டாம் திருப்புதல்ல கணக்குல நாப்பத்தொண்ணு எடுத்திருக்கான். பேப்பரைப் பாத்தா எனக்குத் தலை சுத்துது. சாயங்காலம் நீ வந்து கொஞ்சம் அவன்கூட உக்காரேன்." பொதுத்தேர்வுக்கு அப்போது 22 நாள் இருந்தது.

பாளையங்கோட்டையில் அக்கா வீடு எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். போனேன். பயல் தமிழ் வழியில் பத்தாம் வகுப்பு. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு விடைத்தாளை நீட்டினான். புரட்டிப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. இயற்கணிதத்தில் பையன் மோசமில்லை. தொடர்வரிசை, அணிகள் எல்லாம் தட்டுத்தடுமாறியாவது போட்டிருக்கிறான். மார்க் கொட்டிப்போன இடம் இரண்டுதான். ஒன்று வடிவியல். இன்னொன்று கடைசிப் பாடமான புள்ளியியலும் நிகழ்தகவும். வடிவியல் வரைபடத்தை அவன் தொடவே இல்லை. நிகழ்தகவில் ஒரே ஒரு வரியில் விடை, அதுவும் தப்பு. திட்டவிலக்கக் கணக்கில் மட்டும் அட்டவணை அச்சடித்த மாதிரி இருந்தது. கொடுத்த மதிப்பெண்கள் எல்லாம் 42க்கும் 68க்கும் நடுவே இருந்தன. கீழே திட்டவிலக்கம் 61.3 என்று எழுதி, அடியில் இரட்டைக் கோடு வேறு போட்டிருந்தான்.

"இது எப்படில வரும்?" என்றேன்.

"சூத்திரத்துல போட்டேன் சித்தி, வந்துச்சு" என்றான்.

அந்தப் பதிலைக் கேட்டதும்தான் இவனுக்கு என்ன வைத்தியம் என்று எனக்குப் பிடிபட்டது. பையனுக்குக் கணக்கு தெரியாமல் இல்லை. கணக்கைப் பார்க்கத் தெரியவில்லை. கேள்வியை வாசித்ததும் நேரே சூத்திரத்துக்குப் பாய்கிறான். நடுவில் நின்று, இது என்ன உருவம், எவ்வளவு பெரியது, விடை சுமாராக எங்கே வரும் என்று ஒரு நிமிஷம்கூடப் பார்ப்பதில்லை. நானும் அந்த வயதில் அப்படித்தான் இருந்தேன் என்பதால் ரொம்பத் திட்ட மனம் வரவில்லை.

கேள்வித்தாள் அமைப்பு தெரியாதவர்களுக்கு: மொத்தம் 100 மார்க். ஒரு மார்க் கேள்வி 14. இரண்டு மார்க்கில் 14 கொடுத்து 10 எழுதச் சொல்வார்கள், ஐந்து மார்க்கிலும் அதே 14க்கு 10. இரண்டு பகுதியிலும் ஆளுக்கொரு கட்டாய வினா உண்டு. கடைசியில் எட்டு மார்க் இரண்டு. ஒன்று செய்முறை வடிவியல், ஒன்று வரைபடம். இரண்டிலும் 'அல்லது' இருக்கும். தேர்ச்சிக்கு 35. இந்த எட்டும் எட்டும் பதினாறை முதலில் கையில் பிடி, மிச்சம் 19தான் என்பது எல்லாப் பள்ளியிலும் சொல்லும் மந்திரம். நியாயமான மந்திரம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதைச் சொல்லிச் சொல்லியே வரைபடத்தின் படிகளைப் பாட்டு மாதிரி ஒப்பிக்க வைத்துவிடுகிறார்கள். அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. பாட்டில் ஒரு வரி மறந்தால் பையன் அதோடு நின்றுவிடுகிறான்.

எனவே 22 நாளும் வடிவியல், நிகழ்தகவு, புள்ளியியல் மூன்றை மட்டும் பார்ப்பது என்று முடிவு. மற்றதை அவன் பள்ளியில் பார்த்துக்கொள்வான்.

முதல் நாள் ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்தோம். காம்பஸின் மறை தளர்ந்து கால் இரண்டும் ஆடியது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. என்னுடைய பத்தாம் வகுப்புத் தேர்வில் இதே மாதிரி ஒரு காம்பஸோடு போய் உட்கார்ந்து, வட்டம் தொடங்கிய இடத்துக்கும் முடிந்த இடத்துக்கும் நடுவே ஒரு சந்து விட்டு, அதை அழித்து, மறுபடி போட்டு, தாள் ஓட்டையாகி, எக்ஸ்ட்ரா பேப்பர் வாங்கி அழுதிருக்கிறேன். உடனே போய்ப் புது காம்பஸ் வாங்கினேன். இந்த 22 நாளில் பண்ணின உருப்படியான காரியங்களில் அதற்குத்தான் முதலிடம்.

பிறகு ஒரு கணக்கு கொடுத்தேன். அடிப்பக்கம் PQ 8 செ.மீ., எதிரே உள்ள உச்சிக்கோணம் R 60°, R-லிருந்து வரும் நடுக்கோடு 5.8 செ.மீ. முக்கோணம் வரைய வேண்டும். பயல் கண்ணை மூடிக்கொண்டு படிகளை ஒப்பித்தான். PQ வரைக. P-க்குக் கீழே 60° கோணத்தில் PE வரைக. PE-க்குச் செங்குத்தாக PF வரைக. PQ-வின் மையக்குத்துக்கோடு PF-ஐ வெட்டும் இடம் O. O-வை மையமாக வைத்து வட்டம். PQ-வின் நடுப்புள்ளியிலிருந்து 5.8 செ.மீ. ஆரத்தில் ஒரு வில் வெட்டினால் R கிடைக்கும். எல்லாம் சரி. ஒரு எழுத்துப் பிசகவில்லை.

"எல்லாம் சரிதான். முக்கோணத்தோட உச்சி மேலதானே இருக்கு? அந்த 60°-ஐ எதுக்குக் கீழ போடுற?"

விழித்தான். "அப்படித்தான் சித்தி போடணும்."

இந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொன்னால் வேலைக்காகாது. பழைய தினசரிக் காலண்டரின் அட்டையை எடுத்து வரச் சொன்னேன். அதில் 4 செ.மீ. இடைவெளியில் இரண்டு குண்டூசி குத்தினேன். பாக்ஸில் இருக்கும் மூலைமட்டம் சின்னது, 8 செ.மீ.க்கு எட்டாது, அதனால் 4. மூலைமட்டத்தின் 60° முனையை மேலே வைத்து, அதன் ஒரு ஓரம் இந்தக் குண்டூசியையும் மறு ஓரம் அந்தக் குண்டூசியையும் தொட்டபடி இருக்க வேண்டும். முனை எங்கே இருக்கிறதோ அங்கே பென்சிலால் ஒரு புள்ளி. கொஞ்சம் நகர்த்து, இரண்டு ஓரமும் ஊசியைத் தொடுகிறதா, சரி, இன்னொரு புள்ளி. இன்னும் கொஞ்சம் நகர்த்து.

பத்துப் பன்னிரண்டு புள்ளி வைத்ததும் பயல் நிறுத்திவிட்டான். அட்டையை எட்டத் தள்ளிப் பார்த்தான். "சித்தி, வட்டம் வருது."

வட்டம்தான். ஒரு கோட்டின் இரண்டு முனைகளை 60°-இல் பார்க்கும் புள்ளிகளைத் தேடினால், அவை எல்லாம் ஒரே வட்டத்தின் வில்லில்தான் வந்து உட்காரும். நமக்கு வேண்டிய R அந்த வில்லில் எங்கோ இருக்கிறது. இருக்கிற ஒரே பிரச்சினை, அந்த வட்டத்தின் மையம் எங்கே என்பது. அதைக் கண்டுபிடிக்கத்தான் கீழே கோணம் போடுகிறோம். வட்டத்துக்கு P-யில் ஒரு தொடுகோடு போட்டால், அந்தத் தொடுகோட்டுக்கும் PQ என்ற நாணுக்கும் இடையே உள்ள கோணம், எதிர்ப்பக்க வட்டத்துண்டில் அமையும் கோணத்துக்குச் சமம். பாடப்புத்தகத்தில் மாற்று வட்டத்துண்டுத் தேற்றம் என்று பெயர். அந்தத் தேற்றத்தையும் பயல் தனியாக ஒப்பிப்பான். ஆக, கீழே போட்ட PE என்பது இன்னும் வரையாத வட்டத்தின் தொடுகோடு. தொடுகோட்டுக்குச் செங்குத்தாகப் போனால் மையம் இருக்கும், அதற்குத்தான் PF. P-யும் Q-வும் மையத்திலிருந்து ஒரே தூரம், அதனால் மையம் மையக்குத்துக்கோட்டிலும் இருக்கும். இரண்டும் வெட்டுகிற இடம் O.

அவன் ஒன்றும் பேசவில்லை. மூலைமட்டத்தைத் திருப்பி, 60° முனைக்குப் பதிலாக 90° முனையை வைத்து அவனாகவே புள்ளி வைக்க ஆரம்பித்தான். நான் சொல்லவே இல்லை. அடுப்பில் பாலைப் பார்த்துவிட்டு வந்தால் அட்டையில் அழகான ஓர் அரைவட்டம். ஊசி இரண்டும் விட்டத்தின் இரண்டு முனை. "அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம்" என்று ஒன்பதாம் வகுப்பிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறவன்தான். அன்றைக்குத்தான் அதைக் கண்ணால் பார்க்கிறான்.

அந்த அரைவட்டம் மறுநாளே உதவிக்கு வந்தது. வெளிப்புள்ளியிலிருந்து வட்டத்துக்கு இரண்டு தொடுகோடு வரையும் கணக்கு. 6 செ.மீ. விட்டமுள்ள வட்டம், மையத்திலிருந்து 8 செ.மீ. தள்ளி P. மையம் O-வையும் P-யையும் இணைத்து, நடுப்புள்ளி கண்டு, OP-ஐ விட்டமாக வைத்து இன்னொரு வட்டம் போட்டால், அது முதல் வட்டத்தை வெட்டும் இரண்டு இடங்கள்தான் தொடுபுள்ளிகள். ஏன் என்று கேட்பதற்கு முன்னாலேயே, "O-லயும் P-லயும் ஊசி, 90° முனை" என்றான். ஆரமும் தொடுகோடும் செங்குத்து. செங்கோணம் வேண்டுமென்றால் அரைவட்டம். அவ்வளவுதான் விஷயம்.

இந்தக் கணக்கில் இரண்டு சங்கதி அழுத்திச் சொன்னேன். கொடுத்திருப்பது விட்டமா ஆரமா என்று பார்த்து, கேள்வித்தாளிலேயே பென்சிலால் அடிக்கோடு போடு. வரைந்து முடித்ததும் தொடுகோட்டை அளந்து, பிதாகரஸ் போட்டுச் சரிபார். 8-இன் வர்க்கம் 64, ஆரம் 3-இன் வர்க்கம் 9, கழித்தால் 55, வர்க்கமூலம் சுமார் 7.4. அளவுகோலிலும் 7.4 வர வேண்டும். ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை, அதற்கு மேல் போனால் காம்பஸைச் சந்தேகப்படு.

வடிவொத்த முக்கோணத்துக்கு இவ்வளவு பாடு படவில்லை. அளவு காரணி 3/5 என்றால் கதிரில் ஐந்து புள்ளி, 7/4 என்றால் ஏழு புள்ளி. எது பெரிய எண்ணோ அத்தனை புள்ளி. பின்னத்தின் கீழே இருக்கும் எண்ணுக்குரிய புள்ளியைப் பழைய முக்கோணத்தோடு சேர், மேலே இருக்கும் எண்ணுக்குரிய புள்ளி வழியாக அதற்கு இணைகோடு போடு. இதுவும் தேல்ஸ் தேற்றம்தான். ஐந்து மார்க்குக்கு நிரூபிக்கிற அதே தேற்றம் எட்டு மார்க்கில் இணைகோட்டு வேஷம் கட்டிக்கொண்டு வருகிறது. சீவா, மெனிலாஸ் இரண்டையும் அரை மணி நேரத்தில் முடித்தோம். சீவாவில் மூன்று விகிதங்களின் பெருக்கல் 1, மெனிலாஸில் புத்தகம் போடுவது −1, அந்தக் குறியை விட்டுவிடாதே, போதும். சீவா இதைப் புத்தகமாகப் போட்டது 1678-இல். அதற்கு அறுநூறு வருஷத்துக்கு முன்னாலேயே ஸ்பெயினின் சரகோசாவை ஆண்ட அரபு அரசர் அல்-முத்தமன் இதை நிரூபித்துவிட்டார் என்று சொன்னேன். "ராஜாவுக்கு எதுக்கு சித்தி கணக்கு?" என்று கேட்டான். பதில் தெரியவில்லை.

நிகழ்தகவுக்கு வருவோம். ஆச்சி கதைக்குள் வருவதும் இங்கேதான்.

விடைத்தாளில் இருந்த தப்பு இதுதான். இரண்டு நாணயங்களைச் சுண்டினால் குறைந்தது ஒரு தலை விழ நிகழ்தகவு என்ன? பயல் 2/3 என்று எழுதியிருந்தான். அவன் கணக்கு: இரண்டும் தலை, ஒன்று தலை ஒன்று பூ, இரண்டும் பூ. ஆக மூன்று, அதில் இரண்டு நமக்கு வேண்டியது. நான் சிரித்துவிட்டேன். ஆனால் கேலியாக இல்லை. 1754-இல் பிரான்சில் வெளியான கலைக்களஞ்சியத்தில், அந்தக் காலத்தின் பெரிய கணித மேதைகளில் ஒருவரான தலம்பேர் இதே கேள்விக்கு இதே 2/3-ஐத்தான் எழுதினார். முதல் சுண்டலிலேயே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது, ஆகையால் மூன்றே வகை என்பது அவர் வாதம். தலம்பேருக்கே சறுக்கிய இடம் என்று சொன்னதும் பயலுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

ஆச்சியின் சுருக்குப்பையிலிருந்து ஓர் ஒரு ரூபாயும் ஓர் இரண்டு ரூபாயும் வாங்கிச் சுண்டினோம். ஒரு ரூபாய் தலை, இரண்டு ரூபாய் பூ என்பது ஒன்று. ஒரு ரூபாய் பூ, இரண்டு ரூபாய் தலை என்பது வேறொன்று. நாணயம் வேறு வேறாக இருந்தால் இது கண்ணுக்குத் தெரிகிறது, ஒரே மாதிரி இருந்தால் தெரிவதில்லை, வித்தியாசம் அவ்வளவுதான். ஆக நான்கு. விடை 3/4.

சீட்டுக்கட்டுக் கேள்விதான் எனக்கு உண்மையான தலைவலி. இந்த வீட்டில் சீட்டுக்கட்டே கிடையாது. ஸ்பேடு, ஹார்ட், டைமண்டு, கிளாவர் என்று நான்கு வகை, வகைக்கு 13, அதில் ராஜா, ராணி, மந்திரி மூன்றும் முக அட்டைகள் என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறான், ஒரு சீட்டைக்கூடக் கையில் தொட்டதில்லை. நான் ஒரு கட்டு வாங்கிக்கொண்டு போனேன். ஆச்சி பார்த்துவிட்டாள்.

"ஏட்டி, படிக்கிற பிள்ளைக்குச் சீட்டு வாங்கிட்டு வந்திருக்கியே, ஒனக்குப் புத்தி இருக்கா?"

"பாடத்துல இருக்கு ஆச்சி."

"பாடத்துல சூதாட்டமா சொல்லிக் குடுக்கான்?"

சொல்லப்போனால் ஆச்சி கேட்டதில் தப்பே இல்லை. 1654-இல் பாஸ்கலும் ஃபெர்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்களில்தான் இந்தக் கணிதம் ஒழுங்காகக் கால் ஊன்றியது. அவர்கள் பேசிக்கொண்டது, பாதியில் நின்றுபோன ஒரு சூதாட்டத்தின் பந்தயப் பணத்தை எப்படிப் பங்கு பிரிப்பது என்பதைத்தான். இதை ஆச்சியிடம் சொல்லவில்லை.

தரையில் 52 சீட்டையும் பரப்பினோம். ராஜா அல்லது ஹார்ட் வர நிகழ்தகவு? பயல் நான்கு ராஜாவை இந்தப் பக்கம் ஒதுக்கினான். ஹார்ட்டை அந்தப் பக்கம் ஒதுக்கப் போனபோது ஒரு சீட்டைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டான். ஹார்ட் ராஜா. அவர் எந்தப் பக்கம் போவார்? அந்த ஒரு சீட்டுக்காகத்தான் சூத்திரத்தின் கடைசியில் P(A∩B)-ஐக் கழிக்கிறோம். 4 கூட்டல் 13 கழித்தல் 1, ஆக 16/52, அதாவது 4/13. ராஜா அல்லது ராணி என்றால் எந்தச் சீட்டும் இரண்டு பக்கமும் போகாது, வெறுமே கூட்டினால் போதும். இரண்டு பகடைக்கு ஆறுக்கு ஆறு கட்டம் போட்டு 36 சதுரத்தையும் எழுத வைத்தேன். ஒரே எண் இரட்டையாக விழுவது 6, கூட்டுத்தொகை 4 வருவது 3. ஆனால் (2,2) என்ற சதுரத்தின் மேல் இரண்டு சுழி விழுந்தது. ஆக 8/36.

சீட்டை மூட்டை கட்டியதும் ஆச்சி அவளாகவே தாயக்கட்டையை எடுத்துக்கொண்டு வந்தாள். "அதைவிட இது நல்ல ஆட்டம்ல." பித்தளைக் கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் நான்கு பக்கம்: வெறும் பக்கம், ஒன்று, இரண்டு, மூன்று. எனக்குப் பளிச்சென்று பட்டது. இதைவிட நல்ல கூறுவெளி எங்கே கிடைக்கும்? நான்குக்கு நான்கு, 16 கட்டம். கூட்டினால் 1 வந்தால் தாயம். அது இரண்டு வழியில்தான் வரும், 2/16, அதாவது எட்டில் ஒன்று. ஆறு விழ மூன்றும் மூன்றும் சேர வேண்டும், ஒரே வழி. இரண்டும் வெறும் பக்கமாக விழுந்தால் பன்னிரண்டு, அதுவும் ஒரே வழி. ஐந்துக்கு இரண்டு வழி. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு எது விழுந்தாலும் மறுபடி போடலாம் என்பது எங்கள் வீட்டு ஆட்டம். அதற்கான நிகழ்தகவு 6/16. எட்டில் மூன்று.

"எட்டுல ஒண்ணுங்கீங்க. நான் எட்டுத் தடவை போட்டாச்சு, தாயம் விழமாட்டேங்கே" என்றாள் ஆச்சி.

பயல் என்னைப் பார்த்தான். இது பாடத்தில் இல்லை, ஆனாலும் போட்டுக் காட்டினேன். ஒரு தடவை விழாமலிருக்க 7/8. எட்டுத் தடவையும் விழாமலிருக்க 7/8-ஐ எட்டு முறை பெருக்க வேண்டும். சுமார் 0.34. அதாவது மூன்று பேர் உட்கார்ந்து ஆளுக்கு எட்டுத் தடவை உருட்டினால், ஒருவருக்குத் தாயமே விழாமல் போவது சாதாரணம். ஆச்சிக்கு இந்த விளக்கம் பிடிக்கவில்லை. கட்டை தேய்ந்துவிட்டது என்றாள். அதுவும் நியாயமான சந்தேகம்தான். நம் கணக்கு முழுக்க, நான்கு பக்கமும் சமமாக விழும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது.

அப்படியொரு நம்பிக்கை புத்தகத்திலேயே உண்டு. நெட்டாண்டில் 53 ஞாயிறு வர நிகழ்தகவு என்ன? 52 வாரம் போக மிச்சம் இரண்டு நாள், அந்த இரண்டு நாள் ஏழு ஜோடியாக அமையலாம், அதில் இரண்டு ஜோடியில் ஞாயிறு உண்டு, ஆக 2/7. தேர்வுக்கு இதுதான் விடை. ஆனால் நம் காலண்டர் 400 ஆண்டுக்கு ஒருமுறை கிழமை உள்பட அப்படியே திரும்ப வரும். அந்த 400 ஆண்டில் நெட்டாண்டுகள் 97. அந்த 97-ஐ ஏழாகச் சமமாகப் பிரிக்க முடியாது. எண்ணிப் பார்த்தால் 53 ஞாயிறு வரும் நெட்டாண்டுகள் 28. உண்மையான விடை 28/97. புத்தக விடை 28/98. இதை ஒரு ராத்திரி உட்கார்ந்து எண்ணிப் பார்த்து எனக்கு ஒரே குஷி. பயலிடம் சொல்லிவிட்டு, "தப்பித் தவறிக்கூடத் தேர்வுல இதை எழுதிராதே" என்று மூன்று தடவை எச்சரித்தேன்.

மிச்சமிருந்தது அந்த 61.3.

ஆச்சிக்குச் சர்க்கரை உண்டு. காலையில் வெறும் வயிற்றில் விரலில் குத்திப் பார்த்து, ஒரு நோட்டில் எழுதுவது அக்காவின் வேலை. அந்த நோட்டை எடுத்தேன். ஒரு வாரத்தில் ஐந்து நாள்: 118, 120, 122, 119, 121. சராசரி 120. இன்னொரு வாரத்தில் ஐந்து நாள்: 90, 150, 100, 140, 120. இதற்கும் சராசரி 120. "ரெண்டும் ஒண்ணா?" என்று கேட்டேன். "இல்ல" என்றான் பயல். "இந்த வாரம் அல்வா வந்துச்சு."

திட்டவிலக்கம் என்பது அந்த அல்வாவைக் கண்டுபிடிக்கிற கருவி. சராசரிக்குத் தெரியாது. முதல் வாரத்தில் விலக்கங்கள் −2, 0, 2, −1, 1. வர்க்கங்களைக் கூட்டினால் 10, ஐந்தால் வகுத்தால் 2, வர்க்கமூலம் 1.41. இரண்டாம் வாரத்தில் −30, 30, −20, 20, 0. வர்க்கங்களின் கூடுதல் 2600, வகுத்தால் 520. 22-இன் வர்க்கம் 484, 23-இன் வர்க்கம் 529, ஆக 22.8. மாறுபாட்டுக் கெழு போட்டால் ஒன்று 1.2 சதவீதம்கூட இல்லை, மற்றது 19 சதவீதம். எந்த வாரம் சீராக இருந்தது என்று கேட்டால் பயல் இனிமேல் முழிக்கமாட்டான். ஆச்சிதான் நோட்டை ஏன் எடுத்தீர்கள் என்று முறைத்தாள்.

இதிலிருந்து அவனுக்குச் சரிபார்க்க இரண்டு வழி கொடுத்தேன். சராசரியிலிருந்து எடுத்த விலக்கங்களைக் கூட்டினால் பூஜ்ஜியம் வர வேண்டும், வராவிட்டால் வர்க்கப்படுத்தும் வேலையை அங்கேயே நிறுத்து. இன்னொன்று, திட்டவிலக்கம் எந்தக் காலத்திலும் வீச்சில் பாதிக்கு மேல் போகாது. 42-லிருந்து 68 வரை என்றால் வீச்சு 26, பாதி 13. பதின்மூன்றைத் தாண்டினாலே எங்கோ பிசகு. 61.3 வந்தது எப்படி என்று அவனே தேடினான். விலக்க வர்க்க சராசரியோடு நின்றுவிட்டு வர்க்கமூலம் எடுக்க மறந்திருக்கிறான். 61.3-இன் வர்க்கமூலம் 7.8. அவ்வளவு பாடுபட்டுக் கடைசிப் படியில் விட்டிருக்கிறான்.

ஊகச் சராசரி முறை ஏன் வேலை செய்கிறது என்பதும் இங்கேயே வந்துவிட்டது. வகுப்பில் எல்லோருக்கும் ஐந்து மார்க் சும்மா போட்டால் சராசரி ஐந்து ஏறும், ஆனால் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசம் மாறாது, திட்டவிலக்கம் அசையாது. எல்லா எண்ணிலிருந்தும் ஒரே எண்ணைக் கழித்துச் சின்னதாக்கிக்கொள்வது அந்தத் தைரியத்தில்தான். எல்லா மார்க்கையும் இரண்டால் பெருக்கினால் மட்டும் திட்டவிலக்கமும் இரட்டிப்பாகும். இரண்டு மார்க் கேள்வி இதில் சுலபமாக வரும்.

கடைசி நான்கு நாள் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுதினான். ஒரு மார்க் முடிந்ததும் எட்டு மார்க் இரண்டையும் போட்டுவிடு என்பது என் கட்சி. கை களைப்பதற்கு முன்னால் வட்டம் போட வேண்டும். வரைபடத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளும் பள்ளிகளும் உண்டு, அவரவர் கை அவரவருக்கு. உதவிப்படத்தை மட்டும் எந்தக் கணக்கிலும் விடக் கூடாது என்று சொன்னேன். அதற்கு மார்க் உண்டு என்பதற்காகச் சொல்லவில்லை. கூறுவெளியைக் கட்டம் போட்டு எழுதுவதும் ஓர் உதவிப்படம்தான், வீச்சைப் பார்த்து வைப்பதும் உதவிப்படம்தான். இதை அவன் காதில் எத்தனை தடவை ஓதினேன் என்று கணக்கில்லை.

தேர்வன்று மதியம் ஒன்றேமுக்கால் மணிக்குப் பயல் வெயிலில் சிவந்துபோய் வந்தான். அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "நல்லா எழுதிருக்கேன்மா." உள்ளே வந்து என்னிடம் தனியாக ஆரம்பித்தான். பகடைக் கணக்கில் கட்டம் போட்டானாம், பொதுவாக விழுந்த ஒரு சதுரத்தைக் கழித்தானாம். திட்டவிலக்கம் வீச்சில் பாதிக்குள் அடங்கியதாம். "வடிவியல்ல வெளிப்புள்ளித் தொடுகோடு சித்தி! வீட்ல போட்ட அதே கணக்கு மாதிரி. எட்டு சென்டிமீட்டர் தள்ளி. வட்டம் சந்தே விடாம அப்படி வந்துச்சு. அளந்தேன், 5.3. பிதாகரஸ் போட்டும் பாத்தேன், அதே 5.3. கரெக்டா பொருந்திருச்சு!"

எனக்குள் கணக்கு தானாக ஓடியது. 8-இன் வர்க்கம் 64. 5.3-இன் வர்க்கம் சுமார் 28. கழித்தால் 36. ஆரம் 6.

"வட்டம் எவ்வளவுனு குடுத்திருந்தான்?" என்று கேட்க வாய் வந்தது. கேள்வித்தாள் அவன் சட்டைப்பையில் நாலாக மடிந்து துருத்திக்கொண்டிருந்தது. அடுத்த தேர்வு அறிவியல்.

"கை காலைக் கழுவிட்டு வா. சோறு ஆறுது" என்றேன்.